கண்டிப்பதா, காத்திருப்பதா, பயிற்சி தருவதா: பிள்ளைகளின் ஓயாத பழக்கங்களுக்கு எந்த வழி பொருந்தும்?

நகம் கடிக்கும், விரல் சூப்பும், கண்ணை ஓயாமல் சிமிட்டும், முடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடுங்கும் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் யோசித்து எடுக்கப்படுபவை அல்ல. பார்த்த கணத்தில் "கையை எடு" என்று வாய் சொல்லிவிடுகிறது. அடுத்த வாரம் பாட்டி சொன்னபடி விரலில் வேப்பெண்ணெய் தடவப்படுகிறது. பிறகு யாரோ "தானாகப் போய்விடும்" என்று சொன்னதைக் கேட்டுச் சில நாள் விடப்படுகிறது. பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டனுப்பியதும் கண்டிப்பு மீண்டும் தொடங்குகிறது. இப்படி எந்த வழியும் பலன் தெரியும் அளவுக்குத் தொடரப்படாமல் மாறி மாறி வருவதால், தன் விரலோ கண்ணோ வீட்டில் எல்லோரையும் கவலைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பதைத் தவிரப் பிள்ளை வேறெதையும் கற்றுக்கொள்வதில்லை.

காத்திருத்தல், கண்டித்தல், கசப்பு தடவுதல், பரிசு தருதல், பழக்கத்தை மாற்றும் முறையான பயிற்சி, பல் மருத்துவக் கருவி, மருந்து என நம்முன் உள்ள வழிகளில் எது பொருந்தும் என்பது நான்கு கேள்விகளைச் சார்ந்தது. அது எந்த வகை அசைவு? பிள்ளையின் வயது என்ன? உடலுக்கோ படிப்புக்கோ நட்புக்கோ உண்மையில் கேடு வருகிறதா? அதை விட்டுவிட வேண்டும் என்று விரும்புவது பிள்ளையா, பார்ப்பவர்களா? முடிவைப் பெரிதும் மாற்றுவது கடைசிக் கேள்விதான் என்பது என் கருத்து. ஆனால் முதல் கேள்விக்கு விடை காணாமல் அங்கே போக முடியாது.

முதலில் இனம் காணுதல்

ஒரே சொல்லில் "பழக்கம்" என்று நாம் அழைப்பவற்றுள் குறைந்தது மூன்று தனித்தனி இனங்கள் உள்ளன. முதலாவது, கையும் உடலும் சேர்ந்து செய்யும் வேலைகள்: விரல் சூப்புதல், நகம் கடித்தல், உதட்டுத் தோலை உரித்தல், முடி பிடுங்குதல். இவை களைப்பிலும், சலிப்பிலும், தூக்கம் வரும் நேரத்திலும், தொலைக்காட்சிக்கு முன்னும், கணக்குப் பாடத்தின் நடுவிலும் தோன்றுகின்றன. பெரும்பாலும் பிள்ளைக்குத் தன் கை எப்போது வாய்க்குப் போனது என்றே தெரியாது. விரல் சூப்புதல் கருவிலேயே தொடங்குவது. ஸ்கேனில் அதைப் பார்த்துச் சிரித்த பெற்றோரே நான்கு ஆண்டு கழித்து அதற்காகக் கவலைப்படுகிறார்கள். நகம் கடித்தல் அதற்கு நேர்மாறாக மூன்று, நான்கு வயதுக்கு முன் அரிதாகவே தொடங்கி, பள்ளிப் பருவத்தில் பெருகுகிறது.

இரண்டாவது இனத்தை மருத்துவர்கள் "டிக்" என்கிறார்கள். திடீரென வந்து நொடியில் முடியும் அசைவு அல்லது ஒலி: கண் சிமிட்டுதல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்குதல், கழுத்தை வெட்டுதல், தொண்டையைச் செருமுதல், மூக்கை உறிஞ்சுதல். இவை பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்தை அடைந்து, பதின்ம வயதில் பெரும்பாலானோருக்குத் தணிகின்றன. ஒரு மாதம் கண்ணில் இருப்பது அடுத்த மாதம் தோளுக்கு மாறும். சில வாரம் மறைந்து, பள்ளி திறக்கும் நேரத்தில் திரும்பும். தும்மலுக்கு முன் மூக்கில் எழும் குறுகுறுப்பைப் போல, அசைவுக்கு முன் ஓர் உந்துதல் எழுவதையும், செய்து முடித்ததும் அது தணிவதையும் சற்று வளர்ந்த பிள்ளைகள் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். ஆகவே இது முழுவதும் தன் விருப்பத்தால் செய்வதும் அன்று, முழுவதும் தன்னை மீறியதும் அன்று. சிறிது நேரம் அடக்க முடிவதால்தான் "வேண்டுமென்றே செய்கிறான்" என்ற பழி இந்தப் பிள்ளைகள் மேல் எளிதில் விழுகிறது.

மூன்றாவது இனம், கைகளைப் படபடவென்று அடித்தல், முன்னும் பின்னும் ஆடுதல் போன்ற, ஒரே தாளத்தில் நீளும் அசைவுகள். இவை மூன்று வயதுக்கு முன்பே தொடங்குகின்றன. மகிழ்ச்சியிலும் பரபரப்பிலும் கூடுகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் நின்றுவிடுகின்றன. பிள்ளையை எந்த வகையிலும் வருத்துவதில்லை. ஆட்டிச நிலையுள்ள பிள்ளைகளிடம் இவை மிகுதி என்பது உண்மையே. ஆனால் பேச்சும் பழக்கமும் வயதுக்கேற்ப வளர்ந்துவரும் பிள்ளைகளிடமும் இவை உண்டு. கை அடிப்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வருவது தவறு. பேச்சு, கண் பார்த்துப் பழகுதல், பிறரோடு சேர்ந்து விளையாடுதல் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த மூன்றிலும் சேராதவற்றைப் பழக்கம் என்று எண்ணிவிடும் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கி எழுந்ததும் கைகால்களை விறைத்து, உடலை மடக்கி, அதையே அடுக்கடுக்காகத் திரும்பச் செய்தால், அதை வயிற்றுவலி என்றோ திடுக்கிடல் என்றோ விட்டுவிடக் கூடாது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் உறைந்து, அழைத்தாலும் தொட்டாலும் அறியாமல் நின்றுவிட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அதுவும் வலிப்பின் ஒரு வடிவமாக இருக்கலாம். மண், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்னும் பிள்ளைக்குக் கண்டிப்பைவிட இரத்தப் பரிசோதனையே முதலில் தேவை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. மண் தின்னும் பழக்கத்துக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் உள்ள தொடர்பு நெடுநாளாக அறியப்பட்டது. இவற்றோடு, நேற்றுவரை இல்லாத டிக்குகளோ, கை கழுவிக்கொண்டே இருப்பது போன்ற செயல்களோ ஓரிரு நாளில் கொட்டியது போலத் தொடங்கினாலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தாலும் காத்திருக்கக் கூடாது.

காத்திருத்தல்

மேற்சொன்ன அபாயக் குறிகள் எதுவும் இல்லையென்றால், முதலில் எடைபோட வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருக்கும் வழிதான். விரல் சூப்பும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். புதிதாகத் தோன்றும் டிக்குகளில் பல, ஓராண்டு நிறைவதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன. ஓராண்டுக்கு மேல் நீடித்து, உடலசைவுகள் இரண்டும் ஒலி ஒன்றும் என்ற அளவையாவது எட்டினால்தான், பிரெஞ்சு மருத்துவர் ஜில் தெ லா டூரெட் 1885-இல் விவரித்த நிலையின் பெயரை மருத்துவர்கள் அதற்குச் சூட்டுகிறார்கள். அப்படிப் பெயர் பெற்ற பிறகும் அன்றாட வாழ்வுக்கு இடையூறு இல்லையென்றால் கவனித்துக் காத்திருப்பது ஏற்கத்தக்க வழியே என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

ஆனால் காத்திருத்தலுக்கும் விதிகள் உண்டு. வாயால் ஒன்றும் சொல்லாமல் கண்ணால் முறைப்பதும், பெருமூச்சு விடுவதும், மற்றொரு பிள்ளையைப் பார்த்து "அவள் பார், எவ்வளவு சமர்த்து" என்பதும் காத்திருத்தல் ஆகா. உண்மையான காத்திருத்தலில் அந்த அசைவைப் பற்றிய பேச்சு வீட்டில் எழுவதே இல்லை. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்பதை மட்டும் பெரியவர்கள் தமக்குள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். தூக்கம் குறைந்த நாள்களிலா, தம்பி பிறந்த பிறகா, டியூஷன் இருக்கும் மாலைகளிலா என்பது இரண்டு மூன்று வாரக் குறிப்பிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தக் காரணத்தைத் தொட்டால் பழக்கம் தானாகத் தளர்வதும் உண்டு.

இந்த வழிக்கு விரல் சூப்புதலில் ஒரு காலக்கெடு இருக்கிறது. ஏறத்தாழ ஆறு வயதில் நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அதற்குள் நின்றுவிட்டால் பால்பற்களில் ஏற்பட்ட மாற்றம் பெரும்பாலும் தானே சீராகிவிடும். அதற்குப் பிறகும் நாளெல்லாம் விரல் வாயிலேயே அழுத்தமாக இருந்தால், எத்துப்பல்லோ, முன்பற்கள் மேலும் கீழும் சேராத இடைவெளியோ நிலைத்துவிடக்கூடும். தூங்கும் முன் ஐந்து நிமிடம் விரலை வாயில் வெறுமனே வைத்திருக்கும் பிள்ளையையும், மணிக்கணக்காக உறிஞ்சும் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இந்தப் பழக்கங்களைக் குற்றமாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு சிறு செய்தி. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73-இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்துவரும் ஆய்வில், சிறுவயதில் விரல் சூப்பியவர்களிடமும் நகம் கடித்தவர்களிடமும் 13 வயதில் செய்த தோல் பரிசோதனையில் ஒவ்வாமைத் தன்மை சற்றுக் குறைவாகக் காணப்பட்டதாக 2016-இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. ஆஸ்துமாவில் அப்படி வேறுபாடு இல்லை. இதற்காக யாரும் பிள்ளையை நகம் கடிக்க ஊக்குவிக்கப் போவதில்லை. ஆனால் சில மாதம் பொறுத்திருந்தால் உலகம் கவிழ்ந்துவிடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கண்டித்தல்

செலவில்லாதது போலத் தோன்றுவதால்தான் இந்த வழி எல்லா வீட்டிலும் முதலிடம் பெறுகிறது. உண்மையில் மற்ற எல்லா வழிகளையும்விட இதற்கே விலை கூடுதல் என்று நினைக்கிறேன். கை போனதையே அறியாத பிள்ளையிடம் "எடு" என்றால் அது அந்தக் கணத்தில் எடுக்கும்; அறியும் திறன் வளர்வதற்கு மாறாக, கவனிக்கும் வேலை முழுவதும் தாயின் கண்ணுக்குப் போய்விடும். தாய் இல்லாத இடத்தில் பழக்கம் அப்படியே இருக்கும். பயத்தாலும் பதற்றத்தாலும் வரும் பழக்கமாக இருந்தாலோ, கண்டிப்பு அந்தப் பதற்றத்தையே கூட்டுகிறது.

டிக்கைப் பொறுத்தவரை இது இன்னும் தெளிவாகத் தெரிந்த உண்மை. டிக் உள்ள பிள்ளையின் முன்னிலையில் அதைப் பற்றிப் பேசினாலே அது கூடுகிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விருந்தினர் முன்னால் "இவனுக்குக் கண்ணில் என்னவோ ஆகிவிட்டது" என்று தொடங்கும் பேச்சு, அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் பத்து சிமிட்டல்களைக் கொண்டுவருவதை வீட்டிலேயே காணலாம். கண் சிமிட்டும் பிள்ளையை முதலில் கண் மருத்துவரிடம் காட்டுவது சரியான செயலே. கிட்டப்பார்வையும் கண் ஒவ்வாமையும் அதே தோற்றத்தைத் தரக்கூடும். ஆனால் கண்ணில் குறையில்லை என்று அவர் சொன்ன பிறகும் சொட்டு மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதும், செருமும் பிள்ளைக்கு மாதக்கணக்கில் இருமல் மருந்து கொடுப்பதும், மருந்தின் வடிவில் நீளும் கண்டிப்பாகவே முடிகின்றன.

கசப்பு தடவுதல்

கடையில் கிடைக்கும் கசப்புப் பூச்சுகளில் பெரும்பாலும் இருப்பது டெனடோனியம் பென்சோயேட். 1958-இல் ஸ்காட்லாந்தில் மரப்பு மருந்துகளுக்கான ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்ட இந்தப் பொருள், அறியப்பட்டவற்றுள் மிகக் கசப்பானவற்றில் ஒன்று; பூச்சில் மிகச் சிறிய அளவே சேர்க்கப்படுகிறது. இது பழக்கத்தை ஒழிப்பதில்லை. கை வாய்க்கு வந்துவிட்டது என்பதை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே நகம் கடிப்பதை விட வேண்டும் என்று தானே விரும்பும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையாலேயே பூசிக்கொள்ளும்போது இது உதவுகிறது. விரும்பாத பிள்ளையின் விரலில் வலுவில் பூசும்போது இது தண்டனையாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை விரலைக் கழுவக் கற்றுக்கொள்ளும், அல்லது கசப்பை உறிஞ்சித் துப்பிவிட்டுத் தொடரும்.

வீட்டுச் சரக்குகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மிளகாய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. விரல் சூப்பும் குழந்தை அதே கையால்தான் கண்ணைக் கசக்கும். வேப்பெண்ணெயைப் பற்றிய எச்சரிக்கை அவ்வளவாகப் பரவவில்லை. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, கல்லீரலும் மூளையும் தாக்கப்படும் நிலை ஆகியவை ஏற்பட்டதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அங்கே கொடுக்கப்பட்டது குடிக்கும் அளவு. விரலில் தடவுவது அதைவிடக் குறைவுதான். ஆனால் தடவிய அனைத்தும் வயிற்றுக்குள் போகும் என்பதும், ஒரு நாளில் பலமுறை தடவப்படும் என்பதும் நினைவில் இருந்தால், சிறு குழந்தைக்கு இந்த வழி வேண்டாம் என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

பரிசு தருதல்

நான்கு முதல் ஏழு வயது வரையிலான பிள்ளை விரல் சூப்புவதற்கு, நான் அறிந்தவரை கசப்பைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது. வெற்றி தோல்வி பரிசின் மதிப்பில் இல்லை, கேட்கும் காலத்தின் நீளத்தில் இருக்கிறது. "ஒரு மாதம் சூப்பாமல் இருந்தால் சைக்கிள்" என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டாத தூரம். "இந்தக் கதை முடியும்வரை கை வெளியே இருந்தால் அட்டவணையில் ஒரு நட்சத்திரம்" என்பது கைக்கெட்டும் தூரம். எளிதான நேரத்தில் தொடங்கி, வென்ற பிறகு அடுத்த நேரத்துக்கு நகர்ந்து, தூங்கும் நேரத்தைக் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைத்த நட்சத்திரத்தை எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் பரிசு அந்த நாளோடு தண்டனையாகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால், பிள்ளைக்கு இன்னும் காலம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, சண்டையில்லாமல் அட்டவணையைக் கழற்றிவிட்டுச் சில மாதம் கழித்து மீண்டும் முயலலாம்.

டிக்குக்கு இதே முறையைத் தனியாகப் பயன்படுத்த நான் தயங்குவேன். பரிசுக்காகச் சிறிது நேரம் அடக்க முடியும் என்பதும், அடக்கிய பிறகு இரு மடங்காகப் பொங்கும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் எப்படி அடக்குவது என்று கற்றுத் தராமல் அடக்கியதற்கு மட்டும் பரிசு வைப்பது, நீச்சல் சொல்லித் தராமல் போட்டி நடத்துவதாகும்.

பழக்கத்தை மாற்றும் பயிற்சி

அந்த "எப்படி" என்பதற்கு விடை தேடியவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான நேத்தன் அஸ்ரினும் கிரிகரி நன்னும். 1973-இல் அவர்கள் வெளியிட்ட முறை, நகம் கடித்தல், முடி பிடுங்குதல், டிக் ஆகிய மூன்றுக்கும் அடித்தளமாக இன்றும் நிற்கிறது. அதற்கு முன் ஒரே அசைவை வேண்டுமென்றே களைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் அது விட்டுப்போகும் என்று நம்பி முயன்றவர்களும் இருந்தார்கள். அந்த வழி நிலைக்கவில்லை.

பயிற்சியின் முதல் படி, அறிதல். எந்தக் கை, எந்த விரல், முகத்தில் முதலில் எங்கே தொடுகிறது, அதற்கு முன் உடலில் என்ன தோன்றுகிறது என்பதைப் பிள்ளையே கண்ணாடி முன் நின்று கண்டறிகிறது. முடி பிடுங்கும் பெண் பிள்ளை, பாடம் படிக்கும்போது தன் விரல் சொரசொரப்பான முடியைத் தேடி அலைவதை அப்போதுதான் முதன்முறையாகக் கவனிப்பாள். இரண்டாவது படி, மாற்றுச் செயல். கை மேலே எழும் கணத்திலோ உந்துதல் தோன்றும் கணத்திலோ, அந்த அசைவோடு சேர்ந்து நடக்கவே முடியாத வேறொன்றைச் சுமார் ஒரு நிமிடமோ உந்துதல் தணியும்வரையோ செய்தல். நகம் கடிப்பதற்கு விரல்களை மடக்கிப் பிடித்தல் அல்லது பென்சிலை இறுகப் பற்றுதல். தோள் குலுக்கலுக்கு முழங்கையை விலாவோடு சேர்த்துத் தோளைக் கீழே தாழ்த்துதல். செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சுவிடுதல். சிமிட்டலுக்கு மெதுவாக, மென்மையாக, தன் விருப்பப்படி இமைத்தல். பிறர் கண்ணுக்குப் படாத செயலாக அது இருக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனெனில் வகுப்பறையில் செய்ய முடியாத மாற்றுச் செயல் பயனற்றது. மூன்றாவது படியில் வீட்டார் வருகிறார்கள். அவர்கள் வேலை, தவறும்போது சுட்டுவது அன்று, மாற்றுச் செயலை நினைவாகச் செய்யும்போது பாராட்டுவது.

இதோடு, பழக்கத்தைக் கூட்டும் சூழல்களை மாற்றும் பகுதியையும் சேர்த்து டிக்குக்கென விரிவாக்கிய பயிற்சி, 9 முதல் 17 வயது வரையிலான 126 பிள்ளைகளிடம் சோதிக்கப்பட்டு, 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. பத்து வாரத்தில் எட்டு அமர்வுகள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்ற மற்றக் குழுவில் 18.5 விழுக்காட்டினரே தேறினார்கள். மேலே சொன்ன 2019 வழிகாட்டி, சிகிச்சை தேவைப்படும் இடத்தில் முதலில் இதையே முன்வைக்கச் சொல்கிறது. எண்களை நேர்மையாகப் படித்தால், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இது போதவில்லை என்பதும் தெரியும். தேறியவர்களிலும் டிக் முற்றிலும் மறைந்துவிடும் என்பதில்லை. வாழ்வுக்கு இடையூறு இல்லாத அளவுக்குக் குறைகிறது.

இந்த வழியின் குறை, அதற்கு வேண்டிய வயதும் விருப்பமும். தன் உந்துதலைக் கவனித்துச் சொல்ல முடியாத நான்கு வயதுப் பிள்ளையிடம் இது செல்லாது. விருப்பமில்லாத பதினோரு வயதுப் பிள்ளையிடமும் செல்லாது. இன்னொரு குறை, இதில் பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது. பெருநகரங்களுக்கு வெளியே குழந்தை மனநல வல்லுநர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தில் 224 பிள்ளைகளிடம், உந்துதலைத் தாங்கிப் பழகும் இதற்கு நெருங்கிய ஒரு முறையைப் பெற்றோர் துணையோடு இணையவழியே கற்பித்ததில் டிக் ஓரளவு குறைந்ததாக 2021-இல் தெரியவந்தது. வல்லுநர் இல்லாத ஊர்களுக்கு எதிர்காலத்தில் உதவக்கூடிய வழி இது. நகம் கடித்தல் போன்ற எளிய பழக்கத்துக்கோ, மேலே சொன்ன மூன்று படிகளைப் பெற்றோரும் பிள்ளையும் வீட்டிலேயே தொடங்கிப் பார்ப்பதில் தவறில்லை.

பல் கருவியும் மருந்தும்

மேலண்ணத்தில் பொருத்தப்படும் கம்பிக் கருவி, விரல் சூப்புவதில் உள்ள சுகத்தைக் கெடுத்துப் பழக்கத்தை நிறுத்துகிறது. ஆறு, ஏழு வயதைத் தாண்டியும் பரிசும் பயிற்சியும் பயன்படாமல், பல் வரிசை கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கும்போது பல் மருத்துவர் இதைச் சொன்னால் ஏற்கலாம். எதற்காக என்று பிள்ளைக்கு விளக்கிய பிறகே பொருத்த வேண்டும்.

விரல் சூப்புதலுக்கும் நகம் கடித்தலுக்கும் மருந்து தேவையில்லை. டிக் வலியைத் தரும் அளவுக்கோ பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கோ முற்றும்போது மட்டுமே அது பேச்சுக்கு வருகிறது. டிக்குக்குத் தரப்படும் மருந்துகளில் குளோனிடின் தூக்கக் கலக்கம் தரும். ரிஸ்பெரிடோன் எடையைக் கூட்டும். முடி பிடுங்குவதற்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற துணைமருந்தைச் சிலர் தாமாகவே வாங்கிக் கொடுக்கிறார்கள். பெரியவர்களிடம் 2009-இல் பயன் தெரிந்த அதே மருந்து, பிள்ளைகளிடம் நடந்த 2013-ஆம் ஆண்டுச் சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. டிக்கோடு கவனக்குறைவோ, எண்ணச்சுழற்சி நோயோ (ஓசிடி), பதற்றமோ சேர்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது பிள்ளையை அதிகம் வருத்துவது எது என்று கேட்டு, அதற்கு முதலில் சிகிச்சை தருவதே மருத்துவர்களின் நடைமுறை.

எந்தப் பிள்ளைக்கு எது

மூன்று வயதில் விரல் சூப்பும் பிள்ளைக்குக் காத்திருத்தல். ஐந்தரை வயதில் நாளெல்லாம் சூப்பும் பிள்ளைக்கு, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் நட்சத்திர அட்டவணை. இந்த இரண்டிலும் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை.

ஒன்பது வயதில் நகம் கடிக்கும் பிள்ளையிடம் கேள்வி மாறுகிறது. நகச்சுற்று வந்து சீழ் பிடிக்கிறதா, விரல் நுனியில் இரத்தம் கசிகிறதா, மரு பரவுகிறதா, அல்லது நகம் பார்க்க அழகாக இல்லை என்பது மட்டும்தான் குறையா? கடைசியது என்றால், பிள்ளை கேட்கும்வரை பொறுக்கலாம். கேட்கும் நாளில் நகத்தைச் சீராக வெட்டி, கசப்புப் பூச்சையும் மாற்றுச் செயலையும் சேர்த்துத் தருவது இரண்டில் ஒன்றை மட்டும் தருவதைவிட மேல்.

ஏழு வயதில் கண் சிமிட்டும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை, அதன்பின் வீட்டில் முழு மௌனம், ஆசிரியரிடம் ஒரு விளக்கம். ஆசிரியரிடம் பேசுவதை நான் சிகிச்சைக்கு நிகராக வைப்பேன். "இது அவன் அடங்காமல் செய்வதன்று, கண்டுகொள்ளாமல் விடுங்கள், மிகுந்தால் ஐந்து நிமிடம் வெளியே போய்வர அனுமதியுங்கள்" என்ற மூன்று செய்திகள் போதும். சக பிள்ளைகள் கேலி செய்யத் தொடங்கி, பிள்ளையே "இதை நிறுத்த முடியுமா?" என்று கேட்கும்போது பயிற்சிக்குக் காலம் வந்துவிட்டது.

பதினோரு வயதில் முடி பிடுங்கி உச்சியில் வழுக்கை தெரியும் பிள்ளைக்குக் காத்திருத்தல் பொருந்தாது. பிடுங்கிய முடியை விழுங்கினால் அது வயிற்றில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை போகக்கூடும் என்பதால், வெட்கப்படுத்தாமல் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் தோல் மருத்துவர், புழுவெட்டும் பூஞ்சையும் இல்லை என்று உறுதிசெய்ய. பிறகு மனநல வல்லுநர். மகிழ்ச்சியில் கை அடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துவதில் எனக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. அதன் பேச்சும் பழக்கமும் வயதுக்கேற்ப இருக்கின்றனவா என்று பார்ப்பதே அங்கு செய்ய வேண்டிய வேலை.

உதவி தேடுவோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைக்கப்பட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சி குறித்த பரிசோதனை செய்துகொள்ளலாம். நேரில் போகும் முன் ஆலோசனை கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) 2022 முதல் இயங்குகிறது. போகும்போது இரண்டு மூன்று வாரக் குறிப்பையும், பிள்ளை கவனிக்காத நேரத்தில் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளியையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகளிடம் அந்த அசைவு தலைகாட்டுவதே இல்லை. டிக்கா, பழக்கமா, வலிப்பா என்பதை வாய்மொழி விவரிப்பைவிட அந்தக் காணொளியைப் பார்த்தே அவரால் விரைவாகப் பிரித்துச் சொல்ல முடியும்.